பதினோராயிரம் பெட்டிக்குள் ஒரு மடாலயம்

ஒரு கல் கட்டிடத்தைக் கழற்றி, வேற நாட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி மாட்ட முடியுமா? முடியும். ஆனா நம்பர் குழம்பிப் போனா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க, ஸ்பெயினின் சாக்ரமேனியா மடாலயக் கதையைப் படிக்கணும்.

செகோவியா மாகாணத்தில், 12-ஆம் நூற்றாண்டில் சிஸ்டர்சியன் துறவிகள் கட்டியது இது. அவங்களுக்கு ஆடம்பரம் ஆகாது. மடாலயங்களில் சிங்கம், குரங்குன்னு செதுக்கி வைக்கிறதைக் கண்டிச்சு எழுதினவர் அவங்களோட புனித பெர்னார்டு. பின்னாளில் இந்த மடத்துக்கே அவர் பெயர்தான் வந்தது. அதனால இங்கே அழகு முழுக்க வடிவத்தில்தான்: நடுவில் முற்றம், நாலு பக்கமும் கூரையோட நடைபாதை.

அந்தக் கூரைதான் நமக்கு முக்கியம். கல் வளைவுக் கூரை. கம்பியும் கிடையாது, கான்கிரீட்டும் கிடையாது. ஆப்பு மாதிரி செதுக்கின கற்கள் ஒண்ணை ஒண்ணு நெருக்கி நிக்குது, எல்லாம் அமுக்கு விசை. வளைவு பக்கவாட்டில் தள்ளுறதைத் தடிமனான சுவர் தாங்குது. சென்ட்ரிங் அடிச்சு, கல் அடுக்கி, உச்சிக்கல்லை இறக்கின பிறகுதான் வளைவு தானா நிக்கும். எல்லாம் கையால் செதுக்கினது. பார்க்க ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு கல்லை இடம் மாத்தினாகூட மூட்டு சரியா உட்காராது.

1830-களில் ஸ்பெயின் அரசு மடங்களின் சொத்தை எடுத்து ஏலம் விட்டது. ஜெபம் நடந்த இடம் தானியக் கிடங்காவும் குதிரை லாயமாவும் ஆச்சு. 1925-ல் அமெரிக்கப் பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட் அதை வாங்கினார். சர்ச் அங்கேயே நின்னுடுச்சு. முற்றத்தைச் சுத்தின பகுதிகள் மட்டும் கல் கல்லாப் பிரிஞ்சு, வைக்கோல் சுத்தி, நம்பர் போட்ட சுமார் 11,000 மரப்பெட்டிகளில் நியூயார்க்குக்குக் கப்பல் ஏறுச்சு.

இங்கேதான் வில்லன் வர்றான். அப்போ செகோவியா பக்கம் கால்நடைகளுக்கு நம்ம ஊர்ல கோமாரின்னு சொல்ற நோய். வைக்கோலோட கிருமியும் வந்திருக்குமோன்னு அமெரிக்க வேளாண் துறை பயந்தது. பெட்டிகளைத் திறந்து வைக்கோலை எரிச்சாங்க. கற்களைத் திரும்ப வைக்கும்போது எந்தக் கல் எந்தப் பெட்டின்னு யாரும் பார்க்கலை. என்னைக் கேட்டா, தொழிலாளிங்களைக் குறை சொல்ல மாட்டேன். பெட்டி நம்பரை மட்டும் நம்பின திட்டம்தான் கோளாறு.

ஹர்ஸ்டுக்கும் பணமுடை. கற்கள் புரூக்ளின் கிடங்கில் 26 வருஷம் தூங்குச்சு. அவர் இறந்த அடுத்த வருஷம், 1952-ல், ரெண்டு தொழிலதிபர்கள் சுற்றுலாத் தலமாக்கலாம்னு வாங்கி மயாமிக்குக் கொண்டுபோனாங்க. ஒவ்வொரு கல்லையும் எடுத்துப் பார்த்து, ஜோடி தேடி அடுக்க 19 மாசம், கிட்டத்தட்ட 15 லட்சம் டாலர் ஆச்சு.

இப்போ அது நார்த் மயாமி பீச்சில் நிக்குது. கல் 12-ஆம் நூற்றாண்டு, மூட்டு 1950-கள். இதன் வயசை எப்படிக் கணக்கிடுறதுன்னு சிவில் பசங்க சண்டை போட்டுக்கலாம். சாக்ரமேனியாவில் சர்ச் மட்டும் துணையில்லாம இருக்கு. எங்கேயும் பொருந்தாத கற்களும் மீந்துச்சு. சிலதை வேற கட்டிடத்துக்குப் பயன்படுத்திட்டாங்க, மிச்சம் மயாமியில் பின்பக்கம் கிடக்குது.