பழுதான தச்சுப்பெட்டி: எதைத் தொடலாம், எதை விடலாம்?

1796 டிசம்பரில் இங்கிலாந்தின் சாத்தம் ஊரில், பெஞ்சமின் சீட்டனுக்கு அவருடைய தந்தை லண்டன் கேப்ரியல் கடையிலிருந்து தச்சுக் கருவிகளை மொத்தமாக வாங்கிக் கொடுத்தார். அவற்றை வைக்க, மறு ஆண்டில் சீட்டன் தன் கையாலேயே ஒரு பெட்டி செய்தார். கருவிகளை அவர் அதிகம் பயன்படுத்தவில்லை. அதனால் ரோச்செஸ்டர் கில்ட்ஹால் அருங்காட்சியகத்தில் அவை இன்றும் புதுக்கருக்கு அழியாமல் இருக்கின்றன.

அந்தக் காலத்துப் பிற பெட்டிகளுக்கு அந்த யோகம் இல்லை. பட்டறையின் ஈரத்தரையில் கிடந்து அடிப்பலகை மக்கி, மூடி வெடித்து, கீல் துருவேறி ஏலக்கூடங்களுக்கு வருகின்றன. வாங்கியவருக்கு முதலில் தோன்றுவது உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளவென்று வார்னிஷ் அடிப்பதுதான். பெட்டியின் மதிப்பு கெடுவதும் அங்கேதான். உடைந்ததைச் சரிசெய்ய வேண்டும்; தேய்ந்ததை அப்படியே விட வேண்டும்.

1. முதலில் பார்வை

கருவிகளை எடுக்கும் முன், எது எங்கே இருந்தது என்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். மூடியின் உட்புறத்துக் கறுத்த தடங்கள் ரம்பம் தொங்கிய இடத்தைக் காட்டும். அடுத்து ஆணிகள். முனை மழுங்கிய மரத்திருகாணி பெரும்பாலும் 1840களுக்கு முந்தையது. கூர்முனைத் திருகாணி அதன் பிறகே பரவியது. உருண்டைக் கம்பி ஆணி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் மலிந்தது. 1800 வாக்கில் செய்த பெட்டியில் கம்பி ஆணி தென்பட்டால், அங்கே யாரோ பிற்பாடு கைவைத்திருக்கிறார்கள்.

2. பூச்சியும் ஈயமும்

உளுத்த துளைகளைச் சுற்றி வெளிர்நிற மாவு புதிதாக உதிர்ந்தால் புழு இன்னும் உள்ளே இருக்கிறது. அடியில் கறுப்புத் தாள் விரித்துச் சில வாரம் வைத்தால் தெரிந்துவிடும். சிறு தட்டுகளை பாலித்தீன் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்கலாம். முழுப் பெட்டிக்குப் பூச்சி ஒழிப்பு ஆட்களை அழைப்பதே நல்லது.

வெளிப்பூச்சில் ஈயம் இருப்பதாகவே எண்ணி வேலை செய்ய வேண்டும். அந்தக் கால எண்ணெய் வண்ணங்களில் அது சாதாரணம். இந்தியாவிலேயே வீட்டு வண்ணங்களில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே உலர்ந்த உப்புத்தாளும் வெப்பக்காற்றுத் துப்பாக்கியும் கூடவே கூடாது.

3. அழுக்கு எடுத்தல்

மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு, பஞ்சுக்குச்சியில் வெதுவெதுப்பான சோப்புநீர் தொட்டு மறைவான மூலையில் சோதிக்க வேண்டும். பஞ்சில் அழுக்கு மட்டும் வந்தால் தொடரலாம். வண்ணம் வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குக்கு டர்பன்டைன் போதும். இத்தகைய பெட்டிகள் வெளியே எளிய வண்ணமும், உள்ளே மகோகனித் தகடும் அரக்கு மெருகுமாக இருப்பதுண்டு. சாராயம் பட்டால் அரக்கு கரையும். எனவே உட்புறத்தில் ஸ்பிரிட் வேண்டாம்.

4. மூட்டுகள்

பெட்டியின் நான்கு மூலைகளும் புறாவால் மூட்டால் பிணைந்தவை. பழைய பசை வச்சிரம். விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய இந்தப் பசை சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும். ஆடும் மூட்டில் வெந்நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினால் பிரியும். ஆடாத மூட்டைப் பிரிக்கக் கூடாது.

வச்சிரத் துகளைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, 60 டிகிரி சூட்டில் உருக்கிப் பூச வேண்டும்; கொதிக்கவிட்டால் வலு போய்விடும். பழைய வச்சிரத்தின் மேல் புதியது நன்றாகவே பிடிக்கும். வெள்ளைப் பசை அப்படிப் பிடிக்காது. காய்ந்தபின் சேதமின்றிப் பிரிப்பதும் கடினம். இறுக்குமுன் மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பார்க்க வேண்டும். இரண்டும் சமமானால்தான் பெட்டி சதுரத்தில் இருக்கிறது.

5. அடிப்பலகை

அதிகச் சேதம் இங்கேதான். மரம் இழையின் குறுக்கே விரிந்து சுருங்கும். நீளவாக்கில் அசைவு மிகக் குறைவு. அதனால்தான் நல்ல பெட்டிகளில் அடிப்பலகைகள் முன்னிருந்து பின்னாகக் குறுக்கே ஓடும். அவற்றைப் பசை போடாமல் ஆணியால் மட்டும் அடித்திருப்பார்கள். மக்கினால் கழற்றி மாற்ற அது வசதி.

முழுதும் மக்கிய பலகையை மட்டும் மாற்றினால் போதும். புதுப்பலகை அதே பைன் மரமாக, நெருங்கிய இழையுள்ளதாக இருக்கட்டும். பலகைகள் ஒன்றோடொன்று காடியும் நாக்குமாகக் கோத்து, நடுவே மெல்லிய இடைவெளி விட்டால் மழைக்காலத்தில் உப்பினாலும் சுவரைத் தள்ளாது. அடியில் இரண்டு தேக்குச் சட்டம் அடித்துப் பெட்டியைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். ஈரம் முதலில் அந்தச் சட்டங்களைத்தான் தின்னும்.

உளுத்து மெதுமெதுப்பானாலும் உருக்குலையாத இடங்களில், அசிட்டோனில் கரைத்த பாரலாய்டு பி-72 பிசினைத் தூரிகையால் ஊட்டலாம். அருங்காட்சியகங்களும் பயன்படுத்தும் பொருள் இது. வேலையின்போது சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். அருகே நெருப்பு ஆகாது.

6. மூடியும் தட்டுகளும்

மூடியின் வெடிப்பில் கெட்டியான மக்கை அடைத்தால், பலகை விரியும்போது வெடிப்பு பக்கத்தில் கிளம்பும். அதே மரத்தில் மெல்லிய ஆப்பு சீவி, ஒரு பக்கம் மட்டும் வச்சிரத்தில் ஒட்டினால் மறுபக்கம் அசைய இடம் இருக்கும். நகரும் தட்டுகள் சிக்கினால் தட்டைச் சீவக் கூடாது. அவை ஓடும் சட்டம்தான் தேய்ந்திருக்கும். அதன்மேல் கடின மரப்பட்டை ஒட்டி, மெழுகுவர்த்தியால் தேய்த்தால் வழுக்கி ஓடும்.

7. இரும்பு

துருப்பிடித்த திருகாணியின் தலையில் சூடான சால்டரிங் இரும்பைச் சிறிது நேரம் வைத்து ஆறவிட்டால் பிடிப்பு தளரும். காடிக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி இல்லாமல் திருகக் கூடாது. கீலையும் பூட்டையும் மண்ணெண்ணெய் தொட்ட மெல்லிய எஃகுப் பஞ்சால் தேய்த்து, துருப்பொடி போனதும் நிறுத்திவிடலாம். கறுத்த தோல் இருக்கட்டும்.

8. மெருகு

வெளிப்பூச்சின் மேல் தேன்மெழுகுப் பூச்சு மெல்லியதாக ஒரு கை போதும். ஆளிவிதை எண்ணெய் பயன்படுத்தினால், நனைந்த துணியைச் சுருட்டி வீசக் கூடாது. அது தானாகச் சூடேறித் தீப்பற்றும். விரித்து வெளியே காயவைக்க வேண்டும்.

கடைசியாக, எந்தப் பலகை மாற்றப்பட்டது, என்ன பசை, எந்த ஆண்டு என்பதை ஒரு சீட்டில் எழுதி அடித்தட்டின் கீழே வைக்க வேண்டும். ‘வச்சிரம்’ என்று அதில் இருந்தால், இன்னும் ஐம்பது ஆண்டில் இதைப் பிரிக்க வருபவர் உளியை எடுக்காமல் வெந்நீர் வைப்பார்.