மிதிவண்டியில் மதுரை வலம்

மதுரையிற் பிறந்தவர்க்கெல்லாம் மதுரை தெரியும் என்று கூறிவிட இயலாது. வீட்டிலிருந்து பள்ளிக்கும், கடையிலிருந்து பேருந்து நிலையத்திற்கும் செல்லும் இரண்டொரு தெருக்களே பலர் அறிந்த மதுரை. நகரைச் சூழ்ந்து நிற்கும் குன்றுகளை அவர்கள் மாடியில் நின்று நீலநிறத்திற் கண்டிருப்பர். அவற்றின் அடிவாரத்தை மிதித்திருக்கமாட்டார். காரில் விரைவோர்க்கு அக்குன்றுகள் கண்ணாடிக்கு அப்பால் ஓடி மறைகின்றன. நடந்து சுற்றுவோர்க்கோ ஒரு பகற்பொழுது போதாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது மிதிவண்டி. மணிக்கு 15 கிலோமீட்டர் செல்லும்போதும் அதன்மேல் இருப்பவன் வயலின் மணத்தை நுகரலாம். வழியிற் காண்போரிடம் ஊர்ப்பெயரைக் கேட்கலாம். விரும்பிய இடத்தில் ஒரு காலை ஊன்றி நிற்கலாம். ஒரே தொலைவைக் கடக்க, நடப்பவன் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே இவனுக்குச் செலவாகும் என்பர் அறிவியலார்.

தைத் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெற்கு மாசி வீதியிலிருந்து இருவர் இவ்வாறு நகரை வலம்வரப் புறப்பட்டனர். ஒருவர் ஐம்பது வயது கடந்த மாமா. மற்றவன் அவருடைய தமக்கையின் மகன். அவன் பள்ளிப் படிப்பை முடித்தவன்; மேற்படிப்பிற்காக வெளியூர் செல்ல இருந்தான். "எந்த ஊர் என்று அங்கே கேட்பார்கள். மதுரை என்பாய். மேலும் கேட்டால் என்ன சொல்வாய்?" என்று மாமா முதல்நாள் வினவினார். அவனுக்கு விடை கிடைக்கவில்லை. அவ்வினாவே இப்பயணத்திற்குக் காரணம்.

செல்லவேண்டிய தொலைவு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். முதல்நாள் மாலையே சக்கரங்களுக்குக் காற்றடித்து, சங்கிலிக்கு எண்ணெயிட்டு, தடைக்கட்டைகள் சக்கரத்தைச் சரியாகப் பற்றுகின்றனவா என்று பார்த்து வைத்தனர். மாற்றுக் குழாய் ஒன்று, கைப்பம்பு, இரண்டு புட்டித் தண்ணீர், புளிச்சோறு, கடலை மிட்டாய் ஆகியவை பையில் ஏறின. திசையையும் மாமா எண்ணியே வகுத்திருந்தார். காலையில் மேற்கு நோக்கிச் சென்றால் இளவெயில் முதுகிற் படும். கிழக்கு நோக்கித் திரும்பும் வேளையில் கதிரவன் உச்சியை நெருங்கிவிடுவதால் கண் கூசாது. நீண்ட வழி செல்வோர் இத்தகைய சிறு செய்திகளைப் புறக்கணித்தல் ஆகாது.

விடிவதற்குமுன் மாசி வீதிகள் தம் உண்மையான அகலத்தைக் காட்டின. தேர் செல்லும் வீதிகள் அல்லவா அவை! பகலில் கடைகளும் வண்டிகளும் மறைத்துக்கொள்ளும் அகலம் அது. மாசி வீதியைக் கடந்தால் வெளி வீதி. பழைய கோட்டை மதில் நின்ற எல்லை அதுவே. 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் மதில் இடிக்கப்பட்டது, அகழி தூர்க்கப்பட்டது, நகரம் வெளியே பரவத் தொடங்கியது. அன்று கோட்டைக்குள் இருந்த ஊரை இன்று மிதிவண்டியிற் சில நிமிடங்களிற் கடந்துவிடலாம்.

தென்மேற்கே பசுமலையைக் கடந்து திருப்பரங்குன்றம் சேர்ந்தபோது ஒளி பரவியிருந்தது. குன்றின் வடபுறத்தைக் குடைந்து பாண்டியர் அமைத்த கருவறையைச் சுற்றியே பிற்காலத்து மண்டபங்களும் கோபுரமும் எழுந்தன. அங்கு நெடுநேரம் நில்லாது இருவரும் மேற்கே திரும்பினர். வழியெங்கும் கண்மாய்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின்னர்த் தை மாதத்திலேதான் அவற்றை நிறைந்த கோலத்திற் காணலாம். ஒரு கண்மாய் நிறைந்தால் அதன் மிகுநீர் கலுங்கு வழியே வழிந்து, மறுகால் வாய்க்காலில் ஓடி, அடுத்த கண்மாயைச் சேரும். மேட்டு நிலத்தில் விழுந்த மழைநீர் இவ்வாறு ஊர் ஊராகக் கைமாறும். "இடையில் ஒன்றைத் தூர்த்துவிட்டால்?" என்றான் மருமகன். "மேலே உள்ள ஊருக்கு வெள்ளம், கீழே உள்ள ஊருக்கு வறட்சி" என்றார் மாமா.

கீழக்குயில்குடியில் ஆலமரமும் தாமரைக் குளமும் ஐயனார் கோயிலும் சமணர் மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளன. மிதிவண்டிகளை நிழலில் நிறுத்திவிட்டு இருவரும் செட்டிப்புடவை அடைந்தனர். புடவு என்றால் குகை. அங்குப் பெரியதொரு தீர்த்தங்கரர் உருவம் பாறையிற் செதுக்கப்பட்டு அமர்ந்த நிலையில் விளங்குகிறது. நீண்ட காதுகளைக் கண்ட ஊரார் அவரைச் செட்டியார் எனக் கருதினர். குகைக்கும் அப்பெயரே நிலைத்தது. மலைமேல் உள்ள பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகச் சிற்பங்களும் அவற்றின்கீழ் வட்டெழுத்துகளும் உள்ளன. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அவ்வெழுத்துகள், திருவுருவங்களைச் செய்வித்தோர் பெயர்களைக் கூறுகின்றன. தன் தாய்மொழியே பாறையில் எழுதியிருக்கத் தன்னால் ஓரெழுத்தும் படிக்க இயலவில்லையே என்று மருமகன் நாணினான். நாணத் தேவையில்லை, வட்டெழுத்தைச் சில வாரங்களிற் கற்கலாம்.

மதுரையைச் சூழ்ந்த குன்றுகளைப்பற்றித் திருவிளையாடற் புராணம் ஒரு வரலாறு கூறும். நகரை அழிக்கச் சமணர் வேள்வியில் தோற்றுவித்து ஏவிய யானையும் நாகமும் பசுவும் முறையே யானைமலையாகவும் நாகமலையாகவும் பசுமலையாகவும் ஆயின என்பது அது. ஒரு சமயத்தார் மற்றொரு சமயத்தாரைப் பகைத்த காலத்து எழுந்த கதை என்பதை மறைக்க வேண்டியதில்லை. கதை எவ்வாறாயினும், அக்குன்றுகளிலேயே சமணப் படிமங்களும் சைவ வைணவக் கோயில்களும் ஒன்றையொன்று அழிக்காமல் இன்றளவும் நிற்கின்றன. கதையினும் பாறை பெருந்தன்மை உடையது போலும்!

நாகமலைத் தொடரைப் பின்னே விட்டு, வையையைக் கடந்து, பரவையை அடைந்தபோது காலை பத்து மணி. காய்கறிச் சந்தை கலையும் நேரம். ஆற்றில் ஒரு புறத்தே சிற்றோடையளவு நீர் ஓடியது. பெரும்பகுதி மணலும் கோரையுமே. 1959இல் வையை அணை கட்டப்பட்ட பின்னர், ஆற்றில் வரும் நீர் பெரிதும் திறந்துவிடும் அளவைப் பொறுத்தே அமைகிறது. ஆயினும் ஆற்றின் வடபுறத்து நிலம் வேறு தோற்றம் காட்டியது. எங்கும் விளைந்த நெல். 1895இல் முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாற்று அணை, மேற்கே சென்று கடலிற் கலந்த நீரை மலையைக் குடைந்து இப்பக்கம் திருப்பியது. அந்நீரே கால்வாய் வழியாக இவ்வயல்களை நனைக்கிறது.

குலமங்கலத்தருகே மருமகனின் கால்கள் சோர்ந்தன. எதிர்க்காற்றும் எழுந்தது. காற்றின் எதிர்ப்பு, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. ஆதலின் அதனோடு போராடி விரைபவன் விரைவிற் களைப்பான். மாமா அவனைத் தம் பின்னே ஒரு முழத்தொலைவில் வருமாறு பணித்து முன்னே சென்றார். அப்படியும் அவனால் இயலவில்லை. ஒரு வேப்பமரத்தடியில் இறங்கினான்.

"மாமா, இங்கிருந்து நேரே தெற்கே போனால் வீடு எவ்வளவு தொலைவு?"

"முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். யானைமலையைச் சுற்றிப் போனால் மூன்று மணி நேரம். போகலாம் என்றால் போகலாம், உன் விருப்பம்."

அவர் வற்புறுத்தவில்லை. இருவரும் புளிச்சோற்றை உண்டனர். அரைமணி நேரம் எதுவும் பேசவில்லை. இளைஞன் எழுந்தான்; சங்கிலியைப் பின்பல்லின் பெரிய வட்டிற்கு மாற்றினான்; கிழக்கு நோக்கி மெல்ல மிதித்தான். மெல்ல மிதிப்பதே அவன் முன்பே செய்திருக்க வேண்டியது.

ஊமச்சிகுளத்தைக் கடந்தவுடன் யானைமலை தெரிந்தது. தும்பிக்கையை நீட்டிப் படுத்த களிறே அது; ஐயமில்லை. ஒரே பாறையாக ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. அதன் அடியில் நரசிங்கம் என்னும் ஊரில் குடைவரைக் கோயில் உள்ளது. பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனின் அமைச்சன் மாறன்காரி என்பவன் கி.பி. 770இல் அதனை அமைத்தான். ஆனால் பணி முற்றுப்பெறுமுன் அவன் இறந்தான். அவன் தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எழுப்பிப் பணியை நிறைவேற்றினான். இச்செய்திகளை அக்கோயிற் கல்வெட்டே கூறுகிறது. தமையன் தொடங்கியதைத் தம்பி முடித்தான் என்று மாமா கூறக்கேட்ட மருமகன், அக்கல்லைக் கையால் தொடாமல் நெடுநேரம் பார்த்தான்.

இம்மலை இன்று நிற்பதற்கும் ஊரார் துணிவே காரணம். 2010இல் யானைமலையைச் செதுக்கிச் சிற்ப நகரம் ஆக்கும் திட்டம் ஒன்று எழுந்தது. நரசிங்கம் முதலிய ஊர்களின் மக்கள் திரண்டு எதிர்த்தனர், திட்டம் கைவிடப்பட்டது. இதற்கு வடகிழக்கே உள்ள அரிட்டாபட்டிக் குன்றுகள் 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டன. அப்பகுதியையும் உள்ளடக்கி 2024இல் டங்ஸ்டன் சுரங்க உரிமை ஏலம் விடப்பட்டபோது உழவர்கள் மதுரைவரை அணிவகுத்துச் சென்றனர். 2025 சனவரியில் அந்த ஏலம் நீக்கப்பட்டது. கண்மாய்களுக்கு இத்தகைய பேறு வாய்க்கவில்லை. ஒத்தக்கடையிலிருந்து நகர் நோக்கித் திரும்பும் சாலையில் உயர்நீதிமன்றக் கிளை 2004இல் திறக்கப்பட்ட இடத்திற்கு உலகனேரி என்று பெயர். பெயரில் ஏரி இருக்கிறது.

விரகனூரில் மீண்டும் வையையைக் கடந்து, பிற்பகல் மூன்று மணிக்கு வண்டியூர்த் தெப்பக்குளத்தை அடைந்தனர். மகால் கட்டச் செங்கற்கு மண் எடுத்த பள்ளத்தையே திருமலை நாயக்கர் 1645இல் குளமாக்கினார் என்பர். மண் அள்ளிய இடத்தைக் குழியாகவே விட்டுச் செல்லாத அவ்வறிவு பாராட்டத்தக்கது. ஆயிரம் அடிக்குச் சற்றே குறைந்தும் நிறைந்தும் அமைந்த அதன் நான்கு கரைகளிலும் மாலைக் காற்று வாங்க மக்கள் வரத் தொடங்கியிருந்தனர். குளத்தில் நீர் நிறைந்திருந்தது; நடுவே மையமண்டபம் விளங்கியது.

இருவரும் படியில் அமர்ந்து கால்களை நீட்டினர். வடகிழக்கே கட்டடங்களுக்கு மேலே யானைமலையின் முதுகு மட்டும் தெரிந்தது.

"மாமா, அடுத்த ஞாயிறு அழகர்கோயிற் பக்கம் போகலாமா? நான் ஊருக்குப் போக இன்னும் மூன்று வாரம் இருக்கிறது" என்றான் மருமகன்.

"முதலில் உன் பின்சக்கரத்தைப் பார்" என்றார் மாமா. அதிற் காற்று பாதி இறங்கியிருந்தது.