நான்காம் பாகம் எங்கே, சார்?

என் அப்பா சிறு நகரம் ஒன்றில் ரேடியோ செட் வாடகைக்கு விட்டவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று எங்கு கூப்பிட்டாலும் போவார். குழாய் ஸ்பீக்கரை மரத்தில் கட்டிவிட்டு, பிள்ளையார் பாட்டில் தொடங்கி விடிய விடிய ரெக்கார்டு போடுவார். கேசட் வந்தபின் தொழில் மாறியது. ரெக்கார்டுகள் மட்டும் மூன்று மரப்பெட்டிகளில் அப்படியே இருந்தன. அப்பா மறைந்து, நாங்கள் வீடு மாறியபோது இரண்டு பெட்டிகளை நானே பழைய இரும்புக் கடையில் போட்டேன். எடை பார்த்துத்தான் எடுத்தார்கள். மூன்றாவது பெட்டி பரணில் பித்தளைப் பாத்திரங்களுக்குப் பின்னால் கிடந்ததால் தப்பியது.

அந்த ஒரு பெட்டியை வைத்து எட்டாம் வகுப்பில் நடத்திய சில பாடவேளைகளை இங்கே பகிர்ந்துகொள்கிறேன். மொழி, அறிவியல், கணக்கு, சமூக அறிவியல் ஆசிரியர்கள் எவரும் இதைத் தம் பாடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதல் முயற்சி

முதல் நாள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பழைய திரைப்பாடலின் சிறிய தட்டை எடுத்துச் சென்றேன். அப்பாவின் ரெக்கார்டு பிளேயரைப் பழுது பார்த்து வைத்திருந்தேன். தட்டு சுழல்வதை மாணவர்கள் வியப்போடு பார்த்தார்கள். பல்லவி தொடங்கியதுமே கூடச் சேர்ந்து பாடினார்கள். படம் எது, பாடியவர் யார், எழுதியவர் யார் என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் உடனே பதில் வந்தது. பத்து நிமிடத்தில் பாடம் முடிந்துவிட்டது. பொழுது இனிமையாகப் போனது. ஆனால் யாரும் எதையும் தேடவில்லை.

அன்று மாலை பெட்டியை மீண்டும் கிளறினேன். அடியில் கனமான, கறுத்த 10 அங்குலத் தட்டு ஒன்று இருந்தது. லேபிள் பாதி தேய்ந்திருந்தது. ‘கோவலன்’ என்பதும், ‘நாடகம்’ என்பதும், ஒரு பக்கத்தில் 5, மறுபக்கத்தில் 6 என்ற பாக எண்களும் மட்டுமே தெரிந்தன. நடித்தவர்களின் பெயர் அழிந்துபோயிருந்தது. அக்காலத்தில் மேடை நாடகங்களைச் சுருக்கி, பல தட்டுகள் கொண்ட ‘நாடக செட்’டாக விற்பார்கள். என்னிடம் இருந்தது அப்படி ஒரு செட்டின் மூன்றாவது தட்டு மட்டும். மறுநாள் அதைத்தான் வகுப்புக்கு எடுத்துச் சென்றேன்.

மூன்று முறை கேட்டல்

ஒரு பக்கம் ஓடும் நேரம் சுமார் மூன்று நிமிடம். எனவே ஒரே பாடவேளையில் மூன்று முறை கேட்க முடிந்தது.

முதல் முறை: எழுதக்கூடாது, கேட்க மட்டும் வேண்டும். எத்தனை குரல்கள்? எந்தெந்த வாத்தியங்கள்? இரைச்சலுக்கு நடுவே ஆர்மோனியம் கேட்டதா?

இரண்டாம் முறை: காதில் விழுந்த சொற்களைக் குழுவாக எழுத வேண்டும். புரியாத இடத்தில் கோடு போட்டு வைக்கலாம்.

மூன்றாம் முறை: குழுக்கள் தம் பட்டியலை ஒப்பிட்டு, கோடு போட்ட இடங்களை நிரப்ப வேண்டும்.

இரண்டாம் முறை கேட்டபோது, ஒரு விளிச்சொல் திரும்பத் திரும்ப வந்தது. பெரும்பாலான குழுக்கள் ‘பக்தரே’ என்று எழுதின. எனக்கும் அப்படித்தான் கேட்டது. பழைய நாடகம், அதனால் பக்திச் சொல்லாகத்தான் இருக்கும் என்று நினைத்துக் கரும்பலகையிலும் எழுதிவிட்டேன். பின்வரிசையில் இருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

“சார், அது பக்தர் இல்ல, பத்தர். எங்க தெருவுல நகை செய்யறவங்கள அப்படித்தான் கூப்பிடுவாங்க.”

வகுப்பு ஒரு கணம் அமைதியானது. பிறகு எல்லாம் விளங்கியது. கோவலன் பேசிக்கொண்டிருப்பது பொற்கொல்லனிடம்! இது மதுரைக் கடைத்தெருக் காட்சி. விற்க வந்திருப்பது கண்ணகியின் சிலம்பு. நான் எழுதியதை அழித்துவிட்டு, அந்த மாணவியையே சரியான சொல்லை எழுதச் சொன்னேன். அவள் வழக்கமாகக் கை தூக்காதவள்.

முதல் நாளைக்கும் இந்த நாளைக்கும் என்ன வேறுபாடு? புகழ்பெற்ற பாட்டுக்கு விடை முன்பே இருந்தது. மறக்கப்பட்ட தட்டுக்கு எந்த வழிகாட்டியிலும் விடை இல்லை, கைப்பேசியிலும் இல்லை. ஆசிரியருக்கும் தெரியாது. கூர்ந்து கேட்பது ஒன்றே வழி. அங்கே ஆசிரியரும் மாணவரும் ஒரே வரிசையில் நிற்கிறோம். வீட்டிலும் தெருவிலும் மாணவர் கேட்டு வளர்ந்த சொல், பாடநூல் சொல்லுக்கு நிகராக மதிப்புப் பெறுகிறது.

ஆசிரியர் அறிந்திருக்க வேண்டிய பின்னணி

எடிசன் 1877-இல் ஒலியைப் பதிவு செய்து காட்டினார். அது உருளை வடிவம். தட்டையான வட்டத்தட்டில் பதியும் முறையை எமில் பெர்லினர் 1887-இல் கொண்டுவந்தார். கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பர்க் 1902-இல் கல்கத்தா வந்து, புகழ்பெற்ற பாடகி கௌஹர் ஜான் உள்ளிட்டோரைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் கௌஹர் ஜான் தம் பெயரை உரக்கச் சொல்வதைப் பழைய தட்டுகளில் கேட்கலாம். மூலப்பதிவுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குக் கப்பலில் போய்த்தான் தட்டுகளாக அச்சாயின. அங்குள்ளவர்கள் லேபிளில் சரியான பெயரைப் போட இந்த அறிவிப்பு உதவியது. 1908-இல் கல்கத்தாவிலேயே தட்டுத் தொழிற்சாலை தொடங்கியது.

தமிழகத்தில் தொடக்கக் காலத்திலேயே குரலைப் பதிந்தவர்களில் கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி போன்ற பெண் கலைஞர்கள் முக்கியமானவர்கள். பின்னர் நாடக மேடையின் குரல்கள் வந்தன. எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல், தம் 27-ஆம் வயதில் மறைந்தார். அவர் திரைப்படத்தில் நடித்ததில்லை. அவருடைய குரலை இன்று நாம் கேட்க முடிகிறது என்றால் அதற்கு இசைத்தட்டுகளே காரணம். ஒரு தட்டு உடைந்தால் என்ன போகும் என்பதை மாணவர்களுக்கு விளக்க இந்த ஓர் எடுத்துக்காட்டு போதும்.

அந்தப் பழைய தட்டுகள் பிளாஸ்டிக்கால் ஆனவை அல்ல. அரக்குடன் கல்தூளும் கரியும் கலந்து அழுத்திச் செய்தவை. அரக்குப் பூச்சி மரக்கிளையில் சுரக்கும் பிசின்தான் அரக்கு. உலகத்துக்கு அதைப் பெருமளவில் கொடுத்தது இந்தியா. பாரதக் கதையில் பாண்டவர்களுக்குக் கட்டிய அரக்கு மாளிகையை நினைவூட்டினால் மாணவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். 1948-இல் நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும் நெடுந்தட்டும், 1949-இல் 45 முறை சுற்றும் சிறுதட்டும் அமெரிக்காவில் அறிமுகமாயின. அவை வினைல் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. நம் நாட்டில் 78 சுற்று அரக்குத் தட்டுகள் 1960களிலும் விற்பனையில் இருந்தன. டீக்கடைகளிலும் கல்யாண வீடுகளிலும் ஒலித்த திரைப்பட ‘ஒலிச்சித்திரம்’ வினைல் காலத்தைச் சேர்ந்தது.

கணக்கும் அறிவியலும்

வட்டத்தின் சுற்றளவு காணத் தெரிந்த மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். தட்டில் உள்ள கோட்டை நூல்போல் இழுத்து நீட்டினால் எவ்வளவு நீளம் இருக்கும்?

அளவுகோலால் அளந்தார்கள். பதிவுக்கோடு மையத்திலிருந்து சுமார் 12 செ.மீ. தொலைவில் தொடங்கி 5 செ.மீ. தொலைவில் முடிகிறது. சராசரி ஆரம் 8.5 செ.மீ. ஒரு சுற்றின் சராசரி நீளம் சுமார் 53.4 செ.மீ. நிமிடத்துக்கு 78 சுற்று வீதம் மூன்று நிமிடத்துக்கு 234 சுற்று. பெருக்கினால் ஏறத்தாழ 125 மீட்டர்! எங்கள் பள்ளி வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை போகும் நீளம் அது. இன்னொரு வியப்பும் கிடைத்தது. இரண்டு பக்கங்களுக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே ஒரு கோடுதான். பல வட்டங்கள்போலத் தெரிவது ஒரே சுருள்.

அறிவியல் வகுப்பில் ஒரு எளிய சோதனை செய்தோம். தடித்த காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, நுனியில் குண்டூசியைக் குத்தி நிறுத்தினோம். சுழலும் தட்டில் ஊசிமுனை மெல்லப் பட்டதும் காகிதம் பாடியது. மின்பெருக்கியும் ஸ்பீக்கரும் இல்லை. கோட்டின் நெளிவு ஊசியை அதிர வைக்கிறது, ஊசி காகிதத்தை அதிர வைக்கிறது, காகிதம் காற்றை அதிர வைக்கிறது. ஒலி என்பது அதிர்வு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. குண்டூசி கோட்டைக் கீறிவிடும். ஆகவே ஏற்கெனவே கெட்டுப்போன தட்டையே இதற்குப் பயன்படுத்துங்கள்.

78 சுற்றுத் தட்டை 33⅓ சுற்றில் ஓடவிட்டால் குரல் தடித்து, பேச்சு இழுபடும். அதிர்வெண் குறைந்தால் சுருதி குறையும் என்பதை மாணவர்கள் காதாலேயே அறிந்தார்கள்.

அந்தக் கேள்வி

ஆறாம் பாகம் கோவலன் காவலர்களிடம் சிக்கும் இடத்தில் முடிந்தது. ஒரு மாணவன் கேட்டான்: “அடுத்த பாகம் போடுங்க சார்.” இல்லை என்றேன். “நான்காம் பாகம் எங்கே, சார்?” என்றான் இன்னொருவன்.

தெரியாது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். மனம் வரவில்லை. “இரண்டு பெட்டி ரெக்கார்டை நான் எடைக்குப் போட்டேன்பா. அதில் இருந்திருக்கலாம்” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. “பார்க்காமலா போட்டீங்க?” என்று மட்டும் ஒருத்தி கேட்டாள். ஆமாம், பார்க்காமல்தான் போட்டேன்.

அதுவே அடுத்த செயல்பாடாயிற்று. பாதி வகுப்பு நான்காம் பாகத்தையும், மீதிப் பாதி ஏழாம் பாகத்தையும் எழுதியது. விதி ஒன்றுதான்: மூன்று நிமிடத்தில் பேசி முடிய வேண்டும், கேட்பவருக்குக் கண்ணில் எதுவும் தெரியாது. ஆகவே இடம், ஆள், செயல் எல்லாம் பேச்சிலேயே புலப்பட வேண்டும். ஒரு குழு எழுதிய நான்காம் பாகத்தில் கண்ணகி சிலம்பைக் கழற்றிக் கொடுக்குமுன் அதைக் காதருகே வைத்து ஒருமுறை குலுக்கிக் கேட்கிறாள். ஒலி நாடகத்துக்கு அதைவிடப் பொருத்தமான காட்சி எனக்குத் தோன்றவில்லை. கைப்பேசியில் பதிவு செய்து, ஐந்து, ஆறாம் பாகங்களோடு சேர்த்துக் காலை வணக்கக் கூட்டத்தில் ஒலிபரப்பினோம்.

உங்கள் பள்ளியில் செய்ய

உங்களிடம் தட்டுகள் இல்லையே என்று தயங்க வேண்டாம். ஊரில் பழைய சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தவர்கள், நாடகக் கலைஞர் குடும்பங்கள், மாணவர்களின் தாத்தா பாட்டிகள் ஆகியோரிடம் கேளுங்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இசைத்தட்டுகள் பாதுகாக்கப்படுகின்றன. சில நடைமுறைக் குறிப்புகள்:

1. தட்டை விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும். நிமிர்த்தி அடுக்க வேண்டும். வெயில் படக்கூடாது.

2. அரக்குத் தட்டைச் சாராய வகைத் திரவத்தால் துடைக்கவே கூடாது. அரக்கு கரைந்துவிடும். மென்மையான உலர்ந்த துணி போதும்.

3. 78 சுற்றுத் தட்டுக்குத் தனி முள் வேண்டும். வினைல் முள்ளைப் போட்டால் ஒலி கெடும், முள்ளும் தேயும்.

4. ஒருமுறை ஓடவிட்டுக் கணினியில் பதிந்துகொள்ளுங்கள். வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்க அந்தப் பதிவையே பயன்படுத்துங்கள்.

5. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். பாடல் எழுதியவரின் உரிமை அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள். வகுப்பில் கற்பிக்க ஒலிக்கச் செய்வது வேறு, பொதுவெளியில் பதிவேற்றுவது வேறு.

6. தட்டைத் தருபவரிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம். பதிந்துகொண்டு திருப்பிக் கொடுங்கள். கொடுக்கும்போது அதன் மதிப்பைச் சொல்லிக் கொடுங்கள்.

எங்கள் மாணவர்கள் இப்போது ஒரு ‘தட்டுப் பதிவேடு’ வைத்திருக்கிறார்கள். தட்டின் அளவு, சுற்று வேகம், லேபிளின் நிறம், அதில் அச்சான எண், லேபிளை ஒட்டித் தட்டிலேயே பொறித்த எண், பெயர்கள், வகை, இப்போதைய நிலை, யார் வீட்டில் உள்ளது என்று ஒன்பது கட்டங்கள். தேய்ந்த பெயரை ஊகித்து எழுதக்கூடாது, தெரிந்த எழுத்துகளை மட்டும் எழுத வேண்டும் என்பது அவர்களே வைத்த விதி. பக்தர், பத்தர் ஆன நாளில் கற்ற பாடம் அது.

பதிவேட்டின் முதல் வரியில் எங்கள் கோவலன் தட்டு இருக்கிறது. அதற்கு மேல் ஒரு வரியை மாணவர்கள் காலியாக விட்டிருக்கிறார்கள். நான்காம் பாகம் எங்காவது ஒரு பரணில் கிடைத்தால் எழுதுவதற்காம். உங்கள் ஊர்ப் பரண்களையும் ஒருமுறை பாருங்கள். எடைக்குப் போடுவதற்கு முன்.