வீட்டுப் பட்டறையில் பேனாக் கடைசல் பொருள்களைச் சேமித்து வைத்தல்

அக்டோபர் மாதத்தில் கடைந்து மெருகிட்ட மரப்பேனா ஒன்று, மார்ச்சு மாதத்தில் நீளவாக்கில் வெடித்துவிடுகிறது. செய்தவர் முதலில் உளியின்மீது ஐயங்கொள்வார். அடுத்துப் பசையின்மீது ஐயங்கொள்வார். பெரும்பாலும் குற்றம் இவ்விரண்டிலும் இராது. கடைவதற்கு முன் அம்மரக்கட்டை எங்கே, எத்தனை நாள், எந்நிலையில் வைக்கப்பட்டிருந்தது என்பதிலேயே இருக்கும். ஆகவே, பொருள்களைச் சேமித்து வைத்தல் கடைசல் தொழிலின் ஒரு பகுதியே ஆகும்.

பெங்களூருக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் கடைசல் தொழில் புதிதன்று. மைசூருச் சாலையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து, அரக்கேற்றி, பொம்மைகளும் பிற பொருள்களும் செய்கின்றனர். கன்னடத்தில் இம்மரத்தை ஹாலெ மரம் என்பர். மரத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கென 1938இல் மைசூர் அரசு பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தை நிறுவியது. அது 1956இல் மத்திய அரசின்கீழ் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தின் கிளையாயிற்று. 1988 முதல் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமாக மல்லேசுவரத்தில் இயங்கிவருகிறது. இக்காலத்தில் சிறிய கடைசல் இயந்திரத்தை வீட்டின் ஓர் அறையிலோ, தாழ்வாரத்திலோ அமைத்துக்கொண்டு பேனா செய்வோரும் உளர். அத்தகையோருக்கு வழிகாட்டும் களப் பணியாளர்களுக்கும், கைத்தொழில் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் பயன்படுமாறு இப்பாடம் எழுதப்படுகிறது.

1. மரமும் காற்றின் ஈரமும்

வெட்டிய மரத்தில் நீர் இரு நிலைகளில் உள்ளது. ஒரு பகுதி, மர அணுக்களின் உட்குழிகளில் தங்கியிருக்கும். மற்றொரு பகுதி, அணுக்களின் சுவர்களில் ஊறியிருக்கும். உலரும்போது குழிகளிலுள்ள நீர் முதலில் வெளியேறும். அதனால் மரம் சுருங்குவதில்லை. ஈர அளவு ஏறத்தாழ 28 முதல் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பின்னரே சுவர்களிலுள்ள நீர் நீங்கத் தொடங்கும். சுருக்கமும் அப்பொழுதே தொடங்கும்.

உலர்ந்த மரமும் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கும். காற்று வறண்டால் திரும்ப விட்டுவிடும். வெப்பநிலை 25 டிகிரி சென்டிகிரேடு என்று கொள்வோம். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதமாயின் மரத்தின் ஈர அளவு ஏறத்தாழ 16 சதவீதத்தில் நிலைக்கும். 65 சதவீதமாயின் 12 சதவீதத்திலும், 40 சதவீதமாயின் 8 சதவீதத்துக்குச் சற்றுக் கீழும் நிலைக்கும். இதனைச் சமநிலை ஈர அளவு என்பர்.

நீளவாக்கில் மரம் சுருங்குவது மிகக் குறைவு. குறுக்குவாக்கில்தான் சுருக்கம் மிகுதி. அதிலும் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏற்படுவதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு இருக்கும். ஆதலால், ஈரக்கட்டையில் வட்டமாக இட்ட துளை, உலர்ந்தபின் நீள்வட்டமாகிவிடுகிறது.

2. வெடிப்புக்குக் காரணம்: ஒரு கணக்கு

பேனாவின் உள்ளே 7 மில்லிமீட்டர் விட்டமுள்ள பித்தளைக் குழாய் ஒட்டப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அதன் சுற்றளவு 22 மில்லிமீட்டர். அதன்மீது கடைந்து முடித்த மரம் மெல்லிய உறையாகவே எஞ்சி நிற்கும். முழு ஈரத்திலிருந்து முற்றும் உலரும்வரை அம்மரம் குறுக்குவாக்கில் சராசரி 6 சதவீதம் சுருங்கும் எனக் கொள்வோம். 20 சதவீத ஈரத்தில் கடைந்த பேனா 8 சதவீதத்துக்கு உலர்ந்தால், இழந்த ஈரம் 12 சதவீதம். மொத்தம் 30 சதவீதத்துக்கு 6 சதவீதச் சுருக்கமாயின், 12 சதவீதத்துக்கு 2.4 சதவீதச் சுருக்கம் உண்டாகும். 22 மில்லிமீட்டரில் இது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பித்தளை சுருங்காது. சுருங்க முயலும் மரத்துக்கு இடமில்லாததால் அது வெடிக்கிறது.

பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே சூன் முதல் அக்டோபர் வரை காற்றில் ஈரம் மிகுந்து நிற்கும். பிப்ரவரி, மார்ச்சு மாதங்களின் பிற்பகல்களில் அது மிகவும் தாழும். மழைக்காலத்தில் ஒரு கட்டையின் எடை மாறாமல் நின்றுவிட்டால், அது உலர்ந்துவிட்டது என்று பலர் முடிவுகட்டுகின்றனர். இது பிழை. அது மழைக்காலக் காற்றோடு சமநிலை அடைந்துள்ளது, அவ்வளவே. கோடையில் அது மேலும் ஈரத்தை இழக்கும். குளிர்சாதனம் பொருத்திய அலுவலகத்துக்குச் செல்லும் பேனாவுக்கும் இதே நிலை நேரும்.

ஆதலால் கொள்ளவேண்டிய விதி எளியது: கோடையில் எடை நிலைத்த கட்டைகளை, மழை தொடங்குமுன் காற்றுப்புகாத பெட்டியில் மூடி வைத்து, ஆண்டு முழுவதும் அவற்றிலிருந்தே எடுத்துக் கடையவேண்டும். உலர்ந்த மரத்தில் செய்த பேனா மழைக்காலத்தில் சிறிது வீங்கக்கூடும். வீக்கத்தால் மரம் வெடிப்பது அரிது, சுருக்கத்தாலேயே வெடிக்கும்.

3. கட்டைகளை வைக்கும் முறை

பேனாக் கட்டை பெரும்பாலும் 19 மில்லிமீட்டர் சதுரமும், 125 முதல் 150 மில்லிமீட்டர் நீளமும் உடையது. புதிதாக வாங்கியவுடன் இரு முனைகளிலும் உருக்கிய மெழுகைத் தடவவேண்டும். முனைகளின் வழியே ஈரம் பக்கங்களைவிடப் பன்மடங்கு விரைவாக வெளியேறுவதால், மெழுகிடாத முனைகள் முதலில் பிளந்துவிடும்.

உலரும் கட்டைகளுக்கும் உலர்ந்த கட்டைகளுக்கும் தனித்தனி இடம் வேண்டும். உலரும் கட்டைகளைத் தரைக்கு மேலே, உட்சுவரை அடுத்த திறந்த அலமாரியில், இடையிடையே மெல்லிய குச்சிகளை வைத்து அடுக்குக. மழைநீர் ஊறும் புறச்சுவரும், மாலை வெயில் விழும் மேற்குச் சன்னலும், மொட்டைமாடியின் தகரக் கொட்டகையும் இதற்குத் தகா. உலர்ந்தவற்றை இறுக மூடும் தகர டப்பாவில் வைத்து, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை இடுக.

வெட்பாலை போன்ற வெண்ணிற மரங்களை ஈரத்தோடு நெருக்கி அடுக்கினால் பூஞ்சைக் கறை படியும். மரத்தின் வெளிப்பகுதியாகிய வெண்மரத்தில் மாச்சத்து மிகுந்திருப்பின் உளுப்பு வண்டு முட்டையிடும். கட்டையின் அடியில் மாவுபோன்ற தூள் உதிர்ந்திருந்தால், அக்கட்டையை அன்றே மற்றவற்றிலிருந்து பிரித்துவிடவேண்டும்.

ஒவ்வொரு கட்டையிலும் மரத்தின் பெயர், வாங்கிய நாள், வாங்கிய அன்றுள்ள எடை ஆகிய மூன்றையும் எழுதுக. சந்தனம், செம்மரம், ஈட்டி ஆகியவை சட்டக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டவை. எனவே வாங்கிய சீட்டையும் அக்கட்டைகளுடனேயே வைத்திருத்தல் நலம்.

4. எபோனைட்டும் செல்லுலாயிடும்

ரப்பருடன் மிகுதியாகக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிக் கடினப்படுத்திய பொருளே எபோனைட்டு. நம் நாட்டுக் கைப்பேனாத் தொழிலில் இதற்குச் சிறப்பிடம் உண்டு. ராஜமகேந்திரவரத்தில் கே. வி. ரத்தினம் செய்த சுதேசிப் பேனாவைப் பாராட்டி 1935இல் காந்தியடிகள் கடிதம் எழுதினார். தமிழ்நாட்டில் திருவள்ளூரிலும் எபோனைட்டுக் கம்பியைக் கடைந்து பேனா செய்கின்றனர்.

எபோனைட்டுக்கு ஈரத்தைவிட ஒளியே பெரும் பகை. ஒளியும் ஈரமும் சேரும்போது அதன் மேற்பரப்பிலுள்ள கந்தகம் ஆக்சிகரணம் அடைந்து, சிறிதளவு கந்தக அமிலம் உண்டாகிறது. கருநிறம் மங்கிப் பழுப்பாகிறது. ஆகவே கம்பிகளைக் கறுப்புத் தாளில் சுற்றி, மூடிய அட்டைப்பெட்டியில் வைக்கவேண்டும். அதிலிருந்து எழும் கந்தக ஆவி பித்தளையையும் வெள்ளியையும் கறுக்கச் செய்யும். இக்காரணத்தால் பேனாக் குழாய்களையும் முள்களையும் எபோனைட்டுடன் ஒரே பெட்டியில் வைத்தலாகாது.

செல்லுலாயிடு, நைட்ரோசெல்லுலோசும் கற்பூரமும் சேர்ந்தது. எளிதில் தீப்பற்றக்கூடியது. பழையதாகும்போது அமில ஆவியை வெளியிட்டு, அருகிலுள்ள உலோகத்தையும் பிற பொருளையும் கெடுக்கும். இதனைச் சிறிதளவே வாங்கி, காற்றோட்டமுள்ள குளிர்ந்த இடத்தில் தனியே வைக்கவேண்டும். இறுக மூடிய டப்பாவில் அடைத்தல் தவறு. உலர்ந்த மரத்துக்கு மூடிய பெட்டி நன்மை தருவதும், செல்லுலாயிடுக்கு அதுவே தீமை தருவதும் மாணவர்க்கு எடுத்துக்காட்டத் தக்கவை.

5. அரக்கு, மெருகு, பசை

அரக்கு ஒருவகைப் பூச்சி சுரக்கும் பிசின். சென்னபட்டணத்துத் தொழிலாளர் சுழலும் மரத்தின்மீது வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவர். உராய்வின் வெப்பத்தால் அது இளகி மரத்தில் படியும். பின்னர்த் தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுவர். இவ்வாறு எளிதில் இளகும் தன்மையினாலேயே, வெப்பமான இடத்தில் குவித்து வைத்த அரக்குச் சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடுகின்றன. நெடுநாள் வெப்பத்தில் கிடந்த அரக்கு ஸ்பிரிட்டில் சரியாகக் கரைவதுமில்லை. சீவல்களைக் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்து, வேண்டிய அளவே கரைத்துக்கொள்க. கரைத்த சீசாவின்மீது நாளைக் குறித்து, சில மாதங்களுக்குள் பயன்படுத்திவிடுக. பழைய கரைசல் பூசியபின் பிசுபிசுப்பாகவே நிற்கும்.

விரைவுப் பசை எனப்படும் சயனோஅக்ரிலேட்டு, காற்றின் ஈரத்தாலேயே இறுகுவது. மூடியை இறுக்கிக் குளிர்ந்த இடத்தில் வைக்கவேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தால், அறையின் வெப்பநிலைக்கு வந்தபின்னரே திறக்கவேண்டும். இல்லையேல் குளிர்ந்த சீசாவினுள் ஈரம் படியும். உணவுப் பொருளோடு அதை வைத்தல் கூடாது.

6. சிறு உறுப்புகளும் கருவிகளும்

முள், மையூட்டும் நாக்கு, கவ்வி, வளையம், திருகு உறுப்பு ஆகியவற்றை வகைவாரியாகக் குவிப்பதைவிட, ஒரு பேனாவுக்குரியவற்றை ஒரே சிறு டப்பாவில் சேர்த்து வைத்தல் நன்று. அக்குழாய்க்குப் பொருந்தும் துளை அலகின் அளவை டப்பாவின் மூடியில் எழுதுக. எஸ்.ஜே.பி. சாலைக் கடைகளில் வாங்கும் அலகுகளில் பத்திலொரு மில்லிமீட்டர் வேறுபாட்டைக் கண்ணால் அறிவது அரிது; ஆனால் குழாய் தளர்வதற்கு அது போதும்.

உப்புத்தாளின் எண் உயர உயர மணல் நுண்ணியதாகும். 120, 180, 240, 320, 400, 600 என்ற வரிசையில் தனித்தனி உறைகளில் வைக்கவேண்டும். 120ஆம் எண் தாளிலிருந்து உதிர்ந்த ஒரே மணல் 600ஆம் எண் தாளில் ஒட்டினால், முடிவு மெருகில் கீறல் விழும். உளிகளை எண்ணெய்த் துணியால் துடைத்து, முனை படாதவாறு செங்குத்தாக நிறுத்துக.

7. தூசியும் தீயும்

மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995இல் வகைப்படுத்தியது. அலமாரிகளைத் திறந்தே விட்டால் தூசி அங்கே தங்கி, பொருளை எடுக்கும்தோறும் எழும்பும். ஆதலால் மூடியுள்ள பெட்டிகளே ஏற்றவை. துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத்துணியால் துடைக்கவேண்டும்; கடையும்போது மூக்கையும் வாயையும் காக்கும் தகுந்த முகக்கவசம் அணியவேண்டும்.

ஸ்பிரிட்டைச் சமையலறையிலும் பூசையறை விளக்கின் அருகிலும் வைத்தலாகாது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி எறிந்தால், அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். அதனை விரித்துக் கொடியில் உலர்த்தியபின்னரே அகற்றவேண்டும். எபோனைட்டுச் சீவலை எரித்தல் கூடாது. நச்சுத்தன்மையுள்ள கந்தக ஆவி எழும்.

8. செய்முறைப் பயிற்சி

பேனாக் கட்டை ஒன்றின் எடை பெரும்பாலும் 30 கிராம் அளவே இருக்கும். சமையலறைத் தராசில் சிறு வேறுபாடு தெரியாது. ஆகவே ஒரே மரத்தின் பத்துக் கட்டைகளை ஒரே கட்டாகக் கட்டி, வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில் நிறுத்து எழுதுக. கிடைக்கோட்டில் வாரங்களையும் நிலைக்கோட்டில் எடையையும் குறித்து வரைபடம் வரைக. கோடு முதலில் விரைவாக இறங்கி, பின்னர்ச் சமமாவதைக் காணலாம். சமமான மாதம் எது என்பதையும் அதன்கீழ்க் குறிக்க.

பள்ளியில் உலர்த்தும் அடுப்பு இருப்பின், அதே மரத்தின் சிறு துண்டு ஒன்றை நிறுத்து, ஏறத்தாழ 103 டிகிரி சென்டிகிரேடில் எடை மாறாநிலை அடையும்வரை உலர்த்துக. 56 கிராம் துண்டு 50 கிராமாகக் குறைந்தால், இழந்த 6 கிராமை உலர்ந்த எடையாகிய 50ஆல் வகுத்து நூறால் பெருக்க, ஈர அளவு 12 சதவீதம் என்பது பெறப்படும்.

வினாக்கள்

1. அக்டோபரில் எடை நிலைத்த கட்டையை உலர்ந்தது எனக் கொள்ளலாகாது. ஏன்?

2. எபோனைட்டையும் பித்தளைக் குழாய்களையும் ஒரே பெட்டியில் வைத்தால் யாது நிகழும்?

3. உம் பட்டறையிலுள்ள பொருள்களை ஈரத்தால் கெடுபவை, ஒளியால் கெடுபவை, வெப்பத்தால் கெடுபவை, தூசியால் கெடுபவை என நான்காகப் பிரித்து எழுதுக. ஒவ்வொன்றுக்கும் இப்பொழுது உள்ள இடம் ஏற்றதா என ஆராய்க.

மூன்றாம் வினாவுக்கு விடை எழுதி முடிப்பவர், தம் அலமாரியை எவ்வாறு அமைப்பது என்பதற்கும் விடை கண்டவராவார். பொருளின் நிறத்தையோ விலையையோ பார்த்து அடுக்காமல், அதனைக் கெடுப்பது எது என்பதைப் பார்த்து அடுக்கினால், அடுத்த மார்ச்சிலும் பேனா பழுதின்றி எழுதும்.