அத்தை, சித்தி, மாமன் எல்லாரையும் கேள்

அன்புள்ள அம்மிணி,

மரபணு மருத்துவத்தில் பயிற்சி முடித்துவிட்டுக் கொமரலிங்கம் பக்கமே வேலைக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனம் நிறைந்துபோனது. "அங்கே சீக்வென்சிங் மிஷினும் இல்லை, ஜெனடிக் லேபும் இல்லை, படித்தது வீணாகிவிடுமா பெரியப்பா?" என்றும் கேட்டிருக்கிறாய். ஆகாது. நீ படித்ததற்கு வேலை இங்கேதான் அதிகம். அதில் பெரும்பகுதிக்கு மிஷினே வேண்டாம்.

வந்த சில நாளிலேயே உன் மேஜைக்கு ஒரு ரத்தப் பரிசோதனைத் தாள் வரும். இருபது வயதுப் பெண், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. விடிவதற்குள் கம்பெனி வண்டி ஏறினால் இருட்டிய பிறகுதான் இறங்குவாள். களைப்பாக இருக்கிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பாள். ஹீமோகுளோபின் 9.8. சத்து மாத்திரை எழுதி அனுப்பத்தான் கை போகும், பலருக்கு அது சரியாகவும் இருக்கும். ஆனால் தாளில் இன்னும் இரண்டு வரி கீழே இறங்கிப் படி. எம்.சி.வி., அதாவது சிவப்பணுவின் சராசரிப் பருமன், 64. சிவப்பணு எண்ணிக்கை 56 லட்சம், அதாவது 5.6 மில்லியன். 64ஐ 5.6ஆல் வகுத்தால் 11.4 வருகிறது. 13க்குக் கீழே வந்தால் தலசீமியாவை நினை என்று மென்ட்சர் 1973லேயே எழுதிவிட்டார். இரும்புச்சத்து குறைந்தால் அணுவும் சிறுக்கும், எண்ணிக்கையும் குறையும். தலசீமியா மரபணு ஒன்றைச் சுமப்பவர்களுக்கு அணு சிறுத்தாலும் எண்ணிக்கை குறைவதில்லை. இந்தக் கணக்கு ஒரு சந்தேகத்தைத்தான் கிளப்பும். உறுதி செய்ய எச்.பி.எல்.சி. வேண்டும், ஹீமோகுளோபின் ஏ2 பொதுவாக 3.5 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். இரும்புச்சத்துக் குறைவும் கூடவே இருந்தால் அந்த அளவு இறங்கிக் காட்டும் என்பதை மறக்காதே.

அவள் நோயாளி இல்லை. இதை அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல். கட்டிக்கொள்கிறவனும் அதே குறையைச் சுமந்தால்தான் கவலை. அப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் பெரிய தலசீமியா வரும். மாதந்தோறும் ரத்தம் ஏற்றுகிற வாழ்க்கை அது.

நம் பக்கம் ஒரே கூட்டத்தில் பெண் எடுக்க மாட்டார்கள், பங்காளி முறை. ஆனால் மாமன் மகளும் அத்தை மகனும் உரிமைக்காரர்கள்; ஒரே குறை இருவரிடமும் இருக்கிற வாய்ப்பு அங்கே கூடுதல். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 பெண்கள் உறவுக்குள்தான் மணம் முடித்திருக்கிறார்கள். நீ போனதும் "சொந்தத்தில் கட்டாதீங்க" என்று உபதேசம் ஆரம்பித்தால் அவர்கள் உன்னிடம் வருவதையே நிறுத்திவிடுவார்கள். அந்த உறவு முறையே உனக்குப் பெரிய உதவி என்பது என் எண்ணம். சீர் செய்கிற வீட்டில் யார் யாருக்கு என்ன முறை என்று அமுச்சி மூன்று தலைமுறைக்கு மூச்சு விடாமல் சொல்வார். அவரை உட்காரவைத்து, கேட்டு, வரைந்துகொள். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடைக்காத பரம்பரைப் படம் உனக்கு ஒரு டீ குடிக்கிற நேரத்தில் கிடைக்கும்.

ஓர் ஐந்து வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அடிக்கடி விழுகிறான் என்பார்கள். கெண்டைக்கால் நல்ல திரட்சியாக இருப்பதைப் பார்த்து, சாப்பாட்டில் குறையில்லை என்று அம்மா சந்தோஷப்படுவாள். தரையில் உட்காரவைத்து எழச் சொல். கையைத் தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல எழுந்தானானால் அன்றே சி.பி.கே. எடு. டுஷேன் தசைச் சிதைவில் அது ஆயிரக்கணக்கில் இருக்கும். தசையிலிருந்து கசிவதால் எஸ்.ஜி.பி.டி.யும் ஏறியிருக்கும், அதைக் கல்லீரல் கோளாறு என்று எண்ணி மருந்து கொடுத்து மாதங்கள் வீணாவது உண்டு. மரபணுப் பரிசோதனைக்கு வெகுதூரம் போக வேண்டாம். கோவையிலுள்ள எம்.டி.சி.ஆர்.சி. மையம் இந்தக் குடும்பங்களுக்குப் பரிசோதனையும் ஆலோசனையும் செய்துவருகிறது.

அத்தோடு உன் வேலை முடிந்துவிடாது. பையனின் சித்தி கணியூரிலோ பழனியிலோ மாசமாக இருக்கலாம். அவளும் அந்த மரபணுவைச் சுமக்கிறாளா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். நீயே போன் போடாதே; அக்காவிடம் விளக்கி அவள் வாயால் சொல்லச் செய். இன்னொன்று: ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு அந்த மாற்றம் புதிதாக வந்ததுதான், தாயிடம் இருந்திருக்காது. சோதித்துத் தெரிவதற்கு முன் "அம்மா வழி வியாதி" என்ற சொல் உன் வாயிலிருந்து வரவே கூடாது. இருந்தாலும் அது அவள் செய்த தப்பு இல்லை. அந்த வீட்டில் அவள் அதற்கப்புறமும் வாழ வேண்டும்.

மில் ஹாஸ்டல்களில் இப்போது ஒடிசா, ஜார்க்கண்ட், வங்காளப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கை கால் வலி என்று மறுபடி மறுபடி வருகிற ஒடிசாப் பெண்ணுக்கு வலி மாத்திரையோடு நிறுத்தாதே; அரிவாள் அணுச் சோகையாக இருக்கலாம். அது வடக்கத்தியார் வியாதி என்றும் நினைத்துவிடாதே. நம் நீலகிரிப் பழங்குடிகளிடம் அதை 1952லேயே கண்டுபிடித்தார்கள். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய ஒழிப்புத் திட்டத்தில் உள்ள 17 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. வைவாக்ஸ் மலேரியாவுக்கு பிரைமாகுயின் எழுதுவதற்கு முன் ஜி6பி.டி. குறைபாடு உண்டா என்று பார். அதுவும் மரபணு மருத்துவம்தான், அம்மிணி.

சாதியைக் கேட்கலாமா என்று தயங்குவாய். கேட்க ஒரு காரணம் உண்டு: ஆரிய வைசியரிடம் பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் குறைவு அதிகம். அதற்குக் காரணமான ஒரு மாற்றத்தை 2006ல் வெளியிட்டவர்களில் கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் உண்டு. அன்றாட வாழ்வில் அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. அறுவை சிகிச்சைக்குத் தசையைத் தளர்த்துகிற ஸ்கோலின் போட்டால் மட்டும், சில நிமிடத்தில் திரும்ப வேண்டிய மூச்சு மணிக்கணக்கில் திரும்பாது. 2017ல் மரபணு ஆய்வாளர்கள் தங்கராஜும் டேவிட் ரைக்கும் கூட்டாளிகளும் தெற்காசியாவில் ஆரிய வைசியரைப் போலச் சிறு கூட்டத்திலிருந்து பெருகிய 81 சமூகங்களைக் காட்டினார்கள். 2025 ஜனவரியில் ஜீனோம் இந்தியா 10,000 பேரின் மரபணுத் தொகுதியை ஆய்வுக்குத் திறந்துவிட்டது. இன்னும் நிறையத் தெரியவரும். என் யோசனை, சாதிப் பெயரில் தொடங்காமல் எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேள்: "உங்க வீட்டில் யாராச்சும் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்து, மூச்சு வர ரொம்ப நேரம் ஆயிருக்குங்களா?" பதிலைச் சீட்டில் சிவப்பு மையில் எழுது.

பரிசோதனை முடிவு யாருடையதோ அவரிடம் மட்டும் கொடு. பனியன் கம்பெனி மேலாளர் கேட்டாலும் தராதே. வருங்கால மாமியார் விசாரித்தால் "அதை நான் சொல்லக் கூடாதுங்க" என்று சொல். செக்கிங் வேலைக்குப் போகிற அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசியிருந்தால், மாப்பிள்ளையைக் கூட்டிவரச் சொல்வதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும். கூட்டிவந்தால் அன்றைக்கே அவனுக்கும் ரத்தம் எடுத்துவிடு. இன்னொரு நாள் சம்பளம் போகிறது என்றால் அவன் திரும்ப வர மாட்டான்.

அன்புடன்,
உன் டாக்டர் பெரியப்பா