முன்பாரம் தாங்குமா?

அமெரிக்காவில் பயண டிரெய்லர் வாங்க நினைக்கும் குடும்பங்கள் முதலில் கேட்பது, "இந்த வண்டி எவ்வளவு இழுக்கும்?" என்றுதான். விளம்பரங்களும் 11,000 பவுண்டு, 13,000 பவுண்டு என்று அதற்கே பதில் சொல்கின்றன. என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, "இந்த வண்டி எவ்வளவு சுமக்கும்?" என்பது. மாட்டுவண்டியில் பாரம் ஏற்றிப் பழகியவர்களுக்கு இதன் காரணம் சட்டென்று பிடிபடும். முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் ஏர்க்கால் மேலே தூக்கும். டிரெய்லரின் முன்நுனியும் அப்படித்தான் வண்டியின் பின்னால் உள்ள ஹிட்ச் எனும் இணைப்பின் பந்து மேல் அழுந்துகிறது. அமெரிக்காவில் அந்த அழுத்தத்தை "டங் வெயிட்" என்பார்கள். நாம் முன்பாரம் என்றே சொல்லலாம். டிரெய்லர் ஒழுங்காக ஓட வேண்டுமானால் அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரமாக இருக்க வேண்டும். இந்தப் பங்கை வண்டி இழுப்பதில்லை, முதுகில் சுமக்கிறது.

எவ்வளவு சுமக்கலாம் என்பது வண்டியிலேயே எழுதியிருக்கிறது. ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவு வந்து பூட்டிக்கொள்ளும் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர். டயருக்கு எவ்வளவு காற்று என்பதோடு ஒரு வரியும் அதில் இருக்கும்: ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவை, இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது. அதுதான் பேலோட். எஃப்-150, சில்வராடோ 1500, ராம் 1500 போன்ற "அரை டன்" பிக்அப்களில், நான்கு கதவும் சொகுசு வசதிகளும் உள்ள ஒன்றை எடுத்துக்கொள்வோம். பேலோட் 1,500 பவுண்டு, இழுவைத் திறன் 11,000 பவுண்டு என்று வையுங்கள். டிரெய்லரின் வெற்று எடை 6,000. தண்ணீர்த் தொட்டியில் 40 கேலன் நிரப்பினால் அதுவே 330 பவுண்டுக்கு மேல். இரண்டு கேஸ் சிலிண்டர், பேட்டரி, பாத்திரம், படுக்கை, மடக்கு நாற்காலி என்று சேரச் சேர 7,000 வந்துவிடும். அதில் 13 சதவீதம் 910. ஹிட்ச் சாமான்களுக்கு ஒரு 90. ஆயிரம் பவுண்டு போயிற்று. மீதி 500-இல் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் அடங்க வேண்டும். ஓட்டுபவரின் எடையும் இந்தக் கணக்கில்தான் வரும். பின்தொட்டியில் ஒரு ஐஸ் பெட்டி வைக்கக்கூட இடமில்லை. இழுவைத் திறனிலோ இன்னும் 4,000 பவுண்டு தொடாமல் கிடக்கிறது.

அதற்காக அந்த 11,000 பொய் என்று நான் சொல்லவில்லை. எஸ்ஏஇ ஜே2807 என்ற தரநிலையின்படி அரிசோனாவின் டேவிஸ் டேம் ஏற்றத்தில் சுமார் 11 மைல், 100 டிகிரி பாரன்ஹீட் வெயிலில், ஏசியை முழுதாக ஓடவிட்டு, மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்காமல் பிக்அப் ஏறிக் காட்ட வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பவர்கள் தலா 150 பவுண்டு எடையுள்ள இரண்டே பேர். முன்பாரமும் வெறும் 10 சதவீதம். எஞ்சினின் வல்லமையை அந்த எண் நேர்மையாகச் சொல்கிறது. பிள்ளைகளையும் பெட்டிகளையும் ஏற்றிய குடும்பத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

சாமான்களை டிரெய்லரின் பின்பக்கம் தள்ளிவிட்டால் முன்பாரம் குறையுமே என்று கேட்கலாம். குறையும், ஆபத்தும் அங்கேதான் தொடங்கும். பின்பாரமான டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லாரி கடக்கும்போது அது தள்ளுகிற காற்று முதலில் டிரெய்லரை வெளியே ஒதுக்கும், பிறகு உள்ளே இழுக்கும். சரியான முன்பாரம் இருந்தால் அந்த அசைவு தானாக அடங்கும். இல்லையென்றால் வாலின் ஆட்டம் கூடிக்கொண்டே போய் இழுக்கும் வண்டியையே திருப்பிவிடும். எடையைப் பகிரும் ஹிட்ச் இருக்கிறதே என்பது அடுத்த வாதம். நல்ல கருவி, அவசியம் வாங்குங்கள். பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் பாரம் நெம்புகோல் போல முன்சக்கரங்களைத் தூக்குகிறது. ஸ்டியரிங் லேசாகிறது, இரவில் விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கிறது. அந்த ஹிட்ச் முன்சக்கரத்துக்கு எடையைத் திருப்பித் தருகிறது. டிரெய்லரின் அச்சுக்கும் ஒரு சிறு பங்கைத் தள்ளுகிறது. பெரும்பகுதி வண்டியின் நான்கு சக்கரங்களின் மேல்தான் இருக்கிறது. கதவு ஸ்டிக்கரின் எண் மாறுவதில்லை.

வலுவான மறுப்பு வேறொன்று: எத்தனையோ பேர் பேலோடைத் தாண்டி வருஷக்கணக்காக ஓட்டுகிறார்கள், ஒன்றும் ஆகவில்லையே? உண்மைதான். நூறு பவுண்டு கூடினால் அச்சு முறியாது. ஆனால் சமவெளியில், காற்றில்லாத காலையில் ஓட்டியதை வைத்து வண்டியை எடைபோட முடியாது. கொலராடோவில் ஐசனோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே இருக்கிறது. அதைத் தாண்டியதும் 7 சதவீதம் வரையிலான இறக்கம் தொடங்கும். டயர், பிரேக், ஸ்பிரிங் எல்லாம் மிச்சம் வைத்திருக்கும் வலு தேவைப்படுவது அங்கே. சந்தேகம் இருப்பவர்கள் டிரக் ஸ்டாப்பில் உள்ள எடைமேடையில், குடும்பத்தோடும் சாமான்களோடும் ஒருமுறை ஏறி நிற்கலாம். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் என்று தனித்தனியாக எடை போட்டுச் சீட்டு தருவார்கள். பின் அச்சின் எடையைக் கதவுத் தூணில் எழுதியிருக்கும் வரம்போடு ஒப்பிட்டால் வாதத்துக்கு வேலை இருக்காது.

ஐரோப்பாவில் சின்னக் கார்களே கேரவன் இழுக்கின்றனவே என்பாரும் உண்டு. அங்கே கேரவன்கள் இலகுவானவை, முன்பாரம் பெரும்பாலும் 75 முதல் 100 கிலோவுக்குள், வேகமும் குறைவு. ஜெர்மனியில் பொதுவாக 80 கிலோமீட்டர். தனி அனுமதி பெற்றால் ஆட்டோபானில் 100. கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுப்பவர்களுக்கு 55 மைல் என்ற வரம்பு இருந்தாலும், 70 மைலில் இழுத்துப் போகக்கூடிய சாலைகள் அமெரிக்காவில் ஏராளம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

ஆகவே எல்லோரும் அரை டன்னுக்கு அடுத்த பெரிய வகையான முக்கால் டன் டிரக் வாங்க வேண்டும் என்பதில்லை. முதலில் டிரெய்லரை முடிவு செய்யுங்கள். அதன் வெற்று எடையை விட்டுவிட்டு, அதிகபட்ச எடையில் 13 சதவீதம் போடுங்கள். குடும்பத்தின் எடையைக் கூட்டுங்கள். பிறகு வண்டி தேடுங்கள். நம்மவர் வீடுகளில் நிறையக் காணும் சியன்னா, ஒடிசி மினிவேன்களின் உச்ச வரம்பே 3,500 பவுண்டுதான். நான்கைந்து பேர் ஏறினால் அதுவும் சுருங்கும். பெரிய டிரக்கிலும் ஏமாற இடமுண்டு. டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடப் பல நூறு பவுண்டு கனமானது. அதனால் இழுவைத் திறன் கூடி, பேலோட் குறைந்த முக்கால் டன் டீசல் டிரக்குகள் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. கூரை ஜன்னல், பெரிய சக்கரம், நான்கு சக்கர இயக்கம் என்று ஒவ்வொரு வசதியும் இந்தக் கணக்கிலிருந்தே கழியும். விற்பனைக்கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், ஒரே பெயருள்ள இரண்டு பிக்அப்களின் கதவைத் திறந்து பாருங்கள். ஸ்டிக்கர்களில் 300, 400 பவுண்டு வித்தியாசம் இருக்கலாம். கையெழுத்துப் போடும் முன் நீங்கள் எடுக்கப்போகும் அதே வண்டியின் ஸ்டிக்கரைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.