விமான டிக்கட்டின் நிபந்தனைகள்: வியாபாரிகள் அறிய வேண்டியவை

கொள்முதல் மூட்டையைப் பிரித்துப் பாராமல் நாம் பணம் எண்ணிக் கொடுப்பதில்லை. பில்லில் ஒரு வரி பிசகினாலும் கேட்கிறோம். ஆனால் ஊருக்குப் போய்வர நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுத்து வாங்கும் விமான டிக்கட்டில் விலையையும் தேதியையும் பார்ப்பதோடு நின்றுவிடுகிறோம். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் போய் இறங்கிய காலம் வேறு. இன்றைய விமான டிக்கட் பல நிபந்தனைகள் அடங்கிய ஓர் ஒப்பந்தமாகும்.

ஒரே விமானத்தில் அருகருகே அமர்ந்த இருவர் வெவ்வேறு விலை கொடுத்திருப்பர். ஆசனம் ஒரே தரந்தான், நிபந்தனைகளே வேறு. மலிவு விலைக்காக நாம் எந்தெந்த உரிமையை விட்டுக்கொடுத்தோம் என்பதை அறிவதே இப்பாடம்.

1. பிரயாண வரிசை

ஒரு வியாபாரி சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்குப் போய்வர டிக்கட் எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புறப்பட மூன்று நாள் இருக்கையில், தாயார் கவலைக்கிடமென்று செய்தி வருகிறது. கிடைத்த வேறொரு விமானத்தில் ஓடுகிறார். 'போகும் பகுதி வீணானாலும் திரும்பும் பகுதி இருக்கிறதே' என்று நம்புகிறார். திரும்பும் நாளில், 'தங்கள் பெயர் பட்டியலில் இல்லை' என்கிறார்கள். அவசர விலையில் புது டிக்கட் வாங்க நேர்கிறது.

பல கம்பெனிகளின் விதி இதுவே: முதற்பகுதியில் ஏறாதவருக்குப் பின்னுள்ள பகுதிகள் யாவும் ரத்தாகும். போய்வரும் டிக்கட் சில வேளை ஒருவழி டிக்கட்டைவிட மலிவாயிருக்கும். அதை வாங்கி ஒரு பகுதியை மட்டும் உபயோகிப்பதைத் தடுக்கவே இவ்விதி. முதல் விமானம் புறப்படுமுன் கம்பெனிக்கு அறிவித்திருந்தால், கூடுதல் கட்டணம் செலுத்தியேனும் திரும்பும் பகுதியைக் காத்துக்கொள்ள வழி கிடைத்திருக்கலாம்.

2. மாற்றமும் ரத்தும்

'தேதி மாற்றக் கட்டணமில்லை' என்றிருந்தாலும், புதிய நாளின் விலை அதிகமானால் வித்தியாசத்தைக் கட்ட வேண்டிவரும். ஒரு சிப்பந்தியின் பெயரில் எடுத்ததை மற்றொருவர் பெயருக்கு மாற்றப் பெரும்பாலான கம்பெனிகள் இசைவதில்லை. பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருத்தல் வேண்டும். 'பணம் திரும்பாது' என்ற டிக்கட்டிலும் விமான நிலைய வரி தனியே காட்டப்பட்டிருக்கும். பிரயாணம் செய்யாவிடில் அதைத் திருப்பித் தருவார்களா என்று கேட்டுப் பார்க்கத் தவறலாகாது.

3. இரண்டு டிக்கட், இரண்டு ஒப்பந்தம்

பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு டிக்கட், அங்கிருந்து சென்னைக்கு வேறொரு டிக்கட் எனத் தனித்தனியே வாங்கினால், முதல் விமானம் தாமதித்ததற்கு இரண்டாவது கம்பெனி பொறுப்பேற்காது. ஒரே டிக்கட்டாக வாங்கினால், மாற்று விமானத்தில் ஏற்றி அனுப்பும் பொறுப்பு கம்பெனியைச் சாரும்.

4. சாமான்

இலவச எடை டிக்கட்டுக்கு டிக்கட் வேறுபடும். 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையை மலேசியாவும் சிங்கப்பூரும் இந்தியாவும் ஏற்றுள்ளன. அதன்படி, சாமான் தொலைந்தாலோ சேதமுற்றாலோ தாமதித்தாலோ ஒருவருக்குரிய நஷ்டஈட்டின் உச்சவரம்பு, 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர்.; ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். அதற்கு மேல் மதிப்புள்ள சரக்கைப் பெட்டியில் வைத்தால், ஒப்படைக்கும்போதே மதிப்பைத் தெரிவித்து, கேட்கும் கூடுதல் கட்டணத்தைச் செலுத்த வேண்டும். சேதமாயின் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள்ளும், தாமதமாயின் 21 நாளுக்குள்ளும் எழுத்து மூலம் புகார் கொடுத்தல் அவசியம். வழக்குத் தொடர 2 ஆண்டு கெடு.

ஆகவே, பணம் கட்டுமுன் ஏஜண்டிடம் கேட்க வேண்டியவை நான்கு:

முதற்பகுதியில் ஏறாவிட்டால் திரும்பும் பகுதி செல்லுமா?
தேதி மாற்றினால் மொத்தச் செலவு என்ன?
ரத்துச் செய்தால் எவ்வளவு திரும்பும்?
சாமான் எத்தனை கிலோ?

விடைகளை எழுத்தில் வாங்கிக்கொள்க. வீட்டாருக்கும் கடைச் சிப்பந்திகளுக்கும் டிக்கட் எடுத்துக் கொடுப்பவர்கள் நாமே. ஆதலால் அவர்களுக்கும் இவற்றைச் சொல்லி அனுப்புதல் நம் கடமையாகும்.